கண்ணுக்குத் தெரியும் நோயால் சாவதா?

புற்றுநோய் என்றதும் நம் மக்கள் நெஞ்சம் நடுங்குகின்றது. உடலின் ஆழத்தில் எவர் கண்ணுக்கும் எட்டாமல் பதுங்கியிருந்து, ஒருநாள் திடுமென வெளிப்பட்டு உயிர் குடிக்கும் கொடுநோய் அஃது என்பதே பரவலான கருத்து. கணையத்திலும் கல்லீரலிலும் தோன்றும் புற்றுகளுக்கு அக்கருத்துப் பெரிதும் பொருந்தலாம். ஆனால், இந்நாட்டில் ஆடவரைக் கொல்லும் புற்றுகளுள் முன்வரிசையில் நிற்பது வாய்ப்புற்று; பெண்டிரைக் கொல்வனவற்றுள் முன்வரிசையில் நிற்பது கருப்பைவாய்ப் புற்று. இவ்விரண்டும் ஒளிந்து வளர்வன அல்ல. ஒளி படக்கூடிய இடத்தில், கண் பார்க்கக்கூடிய மேற்பரப்பில், பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் அடையாளம் காட்டிக்கொண்டே வளர்வன. ஒரு விளக்கும், பார்க்கப் பழகிய இரு விழிகளும் உரிய காலத்தில் ஓரிடத்தில் கூடுமாயின், இவற்றுள் மிகப் பலவற்றை முளையிலேயே கிள்ளிவிட இயலும்.

கூடாமையால் சாகின்றார்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்திய ஒன்றியத்தில் ஏறத்தாழ 1,27,000 பெண்டிர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுப் புதிதாகக் கண்டதென்றும், ஏறத்தாழ 80,000 பேர் அதனால் இறந்தனரென்றும் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு கூறுகின்றது. கண்ணுக்குத் தெரியாத நோயால் இறப்பதை ஊழ் என்று சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியும் நோயால் இறப்பதை என்னென்பது?

புற்று என்னும் நம் சொல்லை ஒரு நொடி எண்ணிப் பாருங்கள். கிரேக்கர் இந்நோயை நண்டு என்றனர். கட்டியினின்று நாற்புறமும் கிளைத்தோடும் குருதிக்குழாய்கள் அவர்க்கு நண்டின் கால்களாகத் தோன்றினவாம். அவர்கள் கண்டது முற்றிய நோயை. தமிழ்ச்சொல்லோ வளர்ச்சியைச் சுட்டுகின்றது. கறையான் மணல் மணலாக எடுத்துவைக்க, நாம் நோக்காதிருக்கையில் எழுந்து நிற்பது புற்று. முதல் நாளில் அது விரல்நகத்தளவு ஈரமண்; காலால் தேய்த்துவிட்டுப் போகலாம். ஆளுயரம் வளர்ந்தபின்னர்க் கடப்பாரையும் போதாது. இங்கு நாம் பேசப்புகுவது அந்த முதல்நாள் மண்ணைப் பற்றி.

ஒளி இதனை எவ்வாறு காட்டிக்கொடுக்கின்றது? நலமான உயிரணுவில் உட்கரு சிறியது. அதனைச் சுற்றியுள்ள நீர்மப்பகுதி பெரியது. புற்றாக மாறத் தொடங்கிய உயிரணுவில் உட்கரு பருக்கின்றது, புரதம் அடர்கின்றது, உயிரணுக்கள் ஒன்றையொன்று நெருக்கி அடைகின்றன. வெறுமனே நோக்கினால் இம்மாற்றம் புலப்படாது. நலமான இடமும் மாறிய இடமும் ஒரே இளஞ்சிவப்பாய்த் தோன்றும். கருப்பைவாயின்மேல் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வலிமையுள்ள காடிநீரைத் தடவி, ஒரு மணித்துளி பொறுத்து, நல்ல வெள்ளொளியில் நோக்கினால், மாறிய இடத்துப் புரதம் சிறிது போழ்து திரண்டுகொள்ளும்; தன்மேல் விழும் ஒளியை உள்ளே விடாமல் திருப்பியனுப்பும். அவ்விடம் மட்டும் வெள்ளைத் திட்டாய்த் தெரியும். முட்டையின் வெண்கரு சூடுபட்டதும் தெளிவிழந்து வெளுப்பதைப் போன்றது இது. ஆனால் வெண்கரு வெளுத்தது வெளுத்ததுதான். இத்திட்டோ சற்று நேரத்தில் தானே மறைந்துபோகும். ஆய்வுக்கு உட்பட்ட பெண்ணுக்குத் தீங்கொன்றும் இல்லை. சிறு எரிச்சல் இருக்கலாம், அவ்வளவே.

செருமானிய மருத்துவர் ஆன்சு இன்செல்மன் 1925-இல் கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஒளிக்கருவியை மருத்துவ உலகின்முன் வைத்தார். காடியின் வினையும் அக்கருவியின் வழியே ஆராயப்பட்டுப் பரவியது. ஆனால் அக்கருவி பெருமருத்துவமனையின் நான்கு சுவர்க்குள்ளேயே நெடுங்காலம் கிடந்தது. அதனை விட்டுவிட்டு, விளக்கையும் காடியையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஊர்ப்புறம் சென்றால் உயிர் பிழைக்குமா என்று கேட்டு, அதற்கு எண்களால் விடை கண்ட இடம் எது தெரியுமா? நம் திண்டுக்கல் மாவட்டம்.

2000-ஆம் ஆண்டில் அங்கு ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. அம்பிளிக்கையிலுள்ள கிறித்துவ நலவாழ்வு நடுவமும், சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிறுவனமும், பிரான்சு நாட்டின் இலியோன் நகரிலுள்ள அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தின. மருத்துவர் சங்கரநாராயணன் தலைமை தாங்கினார். மாவட்டத்தில் ஊர்த்தொகுதிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. 57 தொகுதிகளில் 30 முதல் 59 வரை அகவையுள்ள 49,311 பெண்டிர்க்கு ஆய்வுக்கு வருமாறு அழைப்புக் கொடுக்கப்பட்டது. எஞ்சிய தொகுதிகளில் 30,958 பெண்டிர் ஒப்பீட்டுக்காக, வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவத்தோடு விடப்பட்டனர். விளக்கேந்திப் பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர். மருத்துவர் அல்லர் என்பதை ஊன்றி நோக்குக. வெள்ளைத் திட்டுக் கண்டவிடத்து, உருப்பெருக்கியால் மறுமுறை பார்த்ததும், சிறு துணுக்கெடுத்து ஆய்வுக்கு அனுப்பியதும், தகுதியானவர்க்கு அன்றே அவ்விடத்தை உறையவைத்து அழித்ததும் அதே செவிலியர்தாம்.

ஆய்வின் முடிவு 2007-இல் இலான்செட்டு மருத்துவ இதழில் வெளிவந்தது. அழைக்கப்பட்ட தொகுதிகளில் கருப்பைவாய்ப் புற்று வருவது நூற்றுக்கு 25 பங்கும், அதனால் இறப்பது நூற்றுக்கு 35 பங்கும் குறைந்திருந்தன. அழைக்கப்பட்ட பெருந்தொகையினருள் இறந்தவர் 83 பேர். ஒப்பீட்டுக்கென விடப்பட்ட சிறுதொகையினருள் இறந்தவர் 92 பேர். அழைக்கப்பட்டோர் அனைவரும் வந்துவிடவுமில்லை. வந்தவர் 31,343 பேர், அஃதாவது மூவரில் இருவர்க்கும் சற்றுக் குறைவு. அவ்வளவு பேர் வந்ததற்கே இத்துணை உயிர் மிஞ்சியது.

அந்த 92 பேரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். திண்டுக்கல்லில் மட்டுமன்று, மும்பையின் குடிசைப் பகுதிகளிலும், மராட்டியத்து உசுமானாபாத்து மாவட்டத்திலும் இவ்வாறே ஒப்பீட்டுத் தொகுதிகள் வைக்கப்பட்டன. மூன்றிடத்தும் சேர்த்து ஆய்வு அளிக்கப்படாமல் விடப்பட்ட பெண்டிர் 1,38,624 பேர். அவர்களுள் இந்நோயால் இறந்தவர் 254 பேர். கருப்பைவாய் ஆய்வு உயிர்காக்கும் என்று மேலைநாடுகள் முன்னரே நன்கறிந்திருந்தும் இவ்வேழைப் பெண்டிரை வெறும் அளவுகோலாய் நிறுத்தியது அறமா என்னும் கேள்வியை 2014-இல் மருத்துவ அற ஆய்வாளர் வெளிப்படையாக எழுப்பினர். நடத்தியவர்களோ, அப்பகுதிகளில் வழக்கமாக அளிக்கப்பட்ட ஆய்வு எதுவுமே இருந்ததில்லை, இருந்ததை நாங்கள் பறிக்கவில்லை என்றனர். அவ்விடையில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் என் கருத்து இது: ஒன்றுமில்லாத ஊர் என்பது ஆய்வாளர்க்கு வாய்ப்பாகலாம், அரசுக்கு அது குற்றப்பத்திரம். ஆய்வு நடத்தியவர்களைக் கொடியர் என்று நான் கூற வரவில்லை. அவர்கள் உழைப்பால் வந்த அறிவு பேரறிவு. ஆனால் அவ்வறிவுக்கு விலை கொடுத்தவர்கள் காட்டு வேலைக்கும் களத்து வேலைக்கும் போய்க்கொண்டிருந்த நம் ஊர்ப் பெண்டிர். விலையை அவர்களிடம் வாங்கிக்கொண்டு, பொருளை நாம் இன்னும் அவர்கள் வீட்டில் சேர்க்கவில்லை.

சேர்க்கவில்லை என்று சொல்வது மிகையன்று. தமிழ்நாட்டரசு வாளாவிருக்கவில்லை என்பதும் உண்மை. தேனியிலும் தஞ்சையிலும் முன்னோட்டமாகத் தொடங்கிப் பின் மாநிலம் முழுவதும் இவ்வாய்வை விரித்தது. ஒன்றியத்தின் வேறு பல மாநிலங்கள் நினைத்தும் பாராத வேலை அது. எனினும் 2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாம் நாட்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்ன சொல்கின்றது? 30 முதல் 49 அகவைக்குட்பட்ட பெண்டிருள், வாழ்நாளில் ஒருமுறையேனும் கருப்பைவாய் ஆய்வு செய்துகொண்டவர் ஒன்றிய அளவில் நூற்றுக்கு இருவரும் இல்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதின்மரும் இல்லை. பிறரைவிட நாம் மேல் என்று மகிழ்வோர் மகிழட்டும். எஞ்சிய தொண்ணூறு பேர்க்கு என்ன விடை?

விளக்கும் காடியும் எல்லாம் வல்லவை அல்ல என்பதையும் மறைக்கலாகாது. உசுமானாபாத்து ஆய்வின் முடிவு 2009-இல் வெளிவந்தது. அங்கு ஒரேயொரு முறை நச்சுயிரி ஆய்வு செய்யப்பட்ட பெண்டிரிடையே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. காடி தடவிப் பார்த்த தொகுதியில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. இந்நோய்க்குக் கரணியமாவது பாப்பிலோமா எனப்படும் நச்சுயிரி. உயிரணு மாறுமுன்னரே நச்சுயிரியைக் கண்டுகொள்ளும் ஆய்வு, கண்ணைவிடக் கூர்மையானது. கண் ஆளுக்காள் வேறுபடும். ஒரு செவிலி திட்டு என்பதை மற்றொருத்தி அழற்சி என்பாள். பயிற்சி தளர்ந்தால் பார்வையும் தளரும். இவற்றையெல்லாம் எண்ணியே உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் நச்சுயிரி ஆய்வையே முதல் ஆய்வாகக் கொள்க என்று பரிந்துரைத்தது. சரியான பரிந்துரையே. ஆனால் அதனை வைத்துக்கொண்டு, இனி விளக்கு வேண்டா என்று சிலர் பேசுவது அரைகுறை அறிவு. நச்சுயிரி இருப்பதாகக் கண்ட பெண்டிருட் பெரும்பாலோர்க்குப் புற்று வாராது. யார்க்கு மாற்றம் தொடங்கியுள்ளது, எவ்வளவு இடத்தில், அதனைச் சுட்டோ உறையவைத்தோ அழிக்கலாமா, பெருமருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்பதை அறிய மீண்டும் யாரோ ஒருவர் விளக்கேந்திப் பார்த்தே ஆக வேண்டும். மேலும், நச்சுயிரி ஆய்வு எல்லா ஊர்க்கும் வந்துசேரும் வரை கையிலிருக்கும் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருப்பது எந்த அறிவு?

ஒளியைக் கொண்டு இன்னும் நுட்பமாய் நோயறியும் கருவிகளை உலகெங்கும் அறிவியலார் ஆக்கி வருகின்றனர். நியூயார்க்கில் இராபர்ட்டு அல்பானோவும் அவர் குழுவினரும் 1984-இல், சீரொளி பட்ட இழையம் தானாக உமிழும் ஒளிர்வு புற்றில் ஒருவகையாகவும் நலத்தில் ஒருவகையாகவும் இருப்பதைக் காட்டினர். அவ்வழியில் வந்ததே வாயினுள் நீல ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கருவி. நலமான வாய்த்தோல் நீலத்தை உண்டு மெல்லிய பச்சையை உமிழும். புற்றாக மாறும் இடத்தில் அவ்வமைப்புச் சிதைந்துபோவதால் பச்சை மங்கி இருண்ட திட்டாய்த் தெரியும். காடி நோயை வெள்ளையாக்கிக் காட்டுகின்றது. நீல ஒளி கருமையாக்கிக் காட்டுகின்றது! இதன் குறை என்னவெனில், கடிபட்ட புண்ணும் ஈறு வீக்கமும்கூட இருண்டே தோன்றும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்து மருத்துவ இயற்பியலாரும் வாய்ப்புற்றின் ஒளிர்வை ஆராய்ந்தோருள் அடங்குவர். சப்பானியர் நீலமும் பச்சையுமாகிய இரு குறுகிய ஒளிப்பட்டைகளை மட்டும் உணவுக்குழாயினுள்ளும் குடலினுள்ளும் செலுத்திப் பார்க்கும் முறையைக் கண்டனர். அவ்வொளியைக் குருதி விழுங்கிக்கொள்வதால், கட்டிக்குத் தீனி கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் பழுப்புக் கோடுகளாய்த் தனித்துத் தெரிகின்றன. அமெரிக்காவின் தியூக்குப் பல்கலைக்கழகத்தில் நிம்மி இராமானுசம் குழுவினர் இன்செல்மனின் பெருங்கருவியைச் சட்டைப்பையில் அடங்கும் அளவுக்குச் சுருக்கியுள்ளனர். இவற்றுள் நம் ஊர்க்கு மிகவும் பொருந்துவது இதுவென்பேன்.

திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த இராமனின் பெயர் தாங்கிய ஒளிச்சிதறலும் இவ்வேலைக்கு இறங்கியுள்ளது. ஒரு பொருளின்மேல் விழுந்த ஒளியில் ஏறத்தாழக் கோடியில் ஒரு கூறு மட்டும், அப்பொருளின் மூலக்கூறுகள் அதிரும் அதிர்வுக்கேற்பத் தன் நிறத்தைச் சிறிது மாற்றிக்கொண்டு வெளிவரும். நிறமாற்றத்தை அளந்தால் உள்ளிருப்பது கொழுப்பா, புரதமா, மரபணுப் பொருளா, எவ்வளவு என்று அறியலாம். வெட்டியெடுக்காமலே, சாயமூட்டாமலே இழையத்தின் உட்பொருளைக் கூறுகின்ற முறை இது. மும்பையில் தாடா நினைவு மையத்தைச் சார்ந்த ஆய்வு நிலையத்தார் இதனை வாய்ப்புற்று நோயாளரிடத்தே நேரில் ஆய்ந்துள்ளனர். இங்கு ஒன்று நினைவுகூரத் தக்கது. 1928-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் கொல்கத்தாவில் இராமனும் அவர் மாணாக்கர் கிருட்டிணனும் இவ்விளைவைக் கண்டபோது அவர்கள் கையில் இருந்தவை கதிரவன் ஒளியும், நிறக்கண்ணாடிகளும், தம் கண்களுமே. விலையுயர்ந்த பொறிகள் பின்னால் வந்தன.

ஆகவே இக்கருவிகளை நான் பழிக்கவில்லை, வளரட்டும். ஆனால் தலைநகரின் தனியார் மருத்துவமனை ஒன்றில் நீல விளக்குப் பொருத்தி, வாயிலில் விளம்பரப் பலகை தூக்கிவிட்டால் வாய்ப்புற்று ஒழிந்துவிடாது. அங்கு வருவோர் பலர் வெற்றிலையும் தொடாதவர். புகையிலையை அடக்கிக்கொண்டு மூட்டை தூக்குகின்றவனும், நெசவுத் தறியில் கண்விழிக்கப் பாக்குத்தூள் மெல்லுகின்றவனும் அவ்வாயிலை மிதிக்கப் போவதில்லை. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் நடந்த பேராய்வு இதற்குச் சான்று. அங்கு மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர் வீடுவீடாகச் சென்று, நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தனர். வெண்படலமோ, செம்படலமோ, ஆறாத புண்ணோ கண்டால் மருத்துவரிடம் அனுப்பினர். வேறொன்றும் செய்யவில்லை. புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்று இறப்பு நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது என 2005-இல் வெளியிட்டனர். வாயைத் திறந்து காட்டுவதற்கு எந்த நாணமும் தேவையில்லை. அதனையும்கூட நாம் செய்வதில்லை!

பெண்டிர் ஆய்வுக்கு வாராமைக்கு நாணம் கரணியம் என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்வது அலுவலர் வழக்கம். நாணம் உண்டு. ஆனால் ஒருநாள் கூலி போவதும் உண்டு. மறைப்புத் திரையில்லாத அறையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவளிடம் எந்த மொழியில், எந்தச் சொல்லில் பேசப்படுகின்றது என்பதும் உண்டு. ‘செர்விக்சு’ என்றும் ‘வி.ஐ.ஏ.’ என்றும் ‘பாசிட்டிவ்’ என்றும் எழுதிய தாளைக் கையில் கொடுத்து அனுப்பினால், அவள் என்ன அறிவாள்? அரைகுறையாய் ஆங்கிலம் கேட்டவள் ‘பாசிட்டிவ்’ என்பதை நல்லது என்று பொருள்கொண்டு நிறைவோடு வீடு திரும்பினால், குற்றம் அவளுடையதா? கருப்பைவாய் என்னும் சொல் அவளுக்குத் தெரியும்; வெள்ளைத் திட்டு என்னும் சொல்லும் தெரியும். திட்டு என்றால் புற்று என்று பொருளன்று. பின்னால் புற்றாகக் கூடிய ஒரு மாற்றமாய் இருக்கலாம், பலர்க்கு அதுவுமில்லாமல் வெறும் அழற்சியாய் இருக்கலாம், மாற்றமாகவே இருப்பினும் சில மணித்துளியில் அழித்துவிடலாம், கருப்பையை எடுக்க வேண்டுவதில்லை — இவ்வளவையும் இரண்டு மணித்துளியில் தமிழில் சொல்லிவிடலாம். சொல்லாமையால் அஞ்சுகின்றாள். அஞ்சுவதால் குருதி கொட்டத் தொடங்கிய பிறகே வருகின்றாள். அப்போது விளக்கும் காடியும் பயன்படா.

எனவே அரசிடம் நாம் கேட்பவை பெரியவை அல்ல. தொடக்க நல்வாழ்வு நிலையம் ஒவ்வொன்றிலும் எரிகின்ற விளக்கு ஒன்று. ஆண்டுதோறும் பயிற்சியைப் புதுப்பித்துக்கொண்ட செவிலி ஒருவர். திட்டுக் கண்டால் அன்றே அழிக்கும் சூட்டுக்கருவியோ உறைகருவியோ அதே அறையில். ‘அடுத்த திங்கள் மாவட்டத் தலைநகர்க்கு வா’ என்று அனுப்பப்பட்ட பெண்டிருள் எத்தனை பேர் போவர் என்பது நமக்குத் தெரியாததா? ஆய்வு நாளுக்குரிய கூலியை அரசே கொடுக்கட்டும். முடிவுத்தாள் தமிழில் இருக்கட்டும். சிறுமியர்க்கு நச்சுயிரித் தடுப்பூசி ஒரு பக்கம் நடக்கட்டும். அதன் பயன் முழுமையாய்த் தெரிய ஆண்டுகள் பல ஆகும், இன்று முப்பதைக் கடந்த தாய்மார்க்கு ஆய்வு ஒன்றே வழி.

அன்பர்கள் தம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். முப்பது அகவை நிரம்பிய மனைவியை, தமக்கையை, தங்கையை, அண்ணியை அருகிலுள்ள நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அழைத்துச் செல்ல நீங்கள் கூசுவீராயின் அவர்கள் நாணத்தைக் குறைகூறாதீர். புகையிலை பழகியவர் யாராயினும், வாயில் மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண்ணிருந்தால், பல் மருத்துவரிடம் காட்டச் செய்யுங்கள். அரசு எந்த மாவட்டத்திலிருந்து தொடங்குவது என்று கேட்குமாயின், திண்டுக்கல்லைச் சொல்லுங்கள். அங்கும், ஒப்பீட்டுக்கென விடப்பட்ட அந்த ஊர்த்தொகுதிகளில், இன்னும் விளக்கொளி படாத பெண் எவரேனும் இருக்கின்றாரா என்று வீடுவீடாய்க் கேட்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.